இத்தவளை அசையாது எனச் சான்றளிக்கப்படுகிறது

ஒரு பொருள் அசையாமல் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், எனக்கே காது குத்துகிறாயா என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்க மாட்டேன். அந்த அலுவலகத்தின் மூன்று மாடியும் எனக்குப் படி எண்ணிக்கையோடு தெரியும். முதல் மாடிக்குப் பதினெட்டு, இரண்டாவதுக்குப் பதினெட்டு, மூன்றாவதில் தலைவர் இருப்பதால் இருபது.

நான் செருப்புக்கடையில் வேலை பார்ப்பவன். காலைப் பார்த்ததும் நம்பர் சொல்லிவிடுவேன், அதைத் தவிர வேறு வித்தை தெரியாது. என் மனைவி தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தற்காலிக டீச்சர். வருஷா வருஷம் குறிப்பிட்ட தேதிக்குள் நீட்டிப்பு உத்தரவு வரவேண்டும், வராவிட்டால் மறுநாள் வகுப்பு கிடையாது. ஆறு வருஷமாக அந்த ஒரு மாதம் மட்டும் எங்கள் வீட்டில் பலமாகத் தும்மக்கூட மாட்டோம்.

அப்படிப்பட்ட மாதத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் பையை நாற்காலியில் வீசிவிட்டு ஆரம்பித்தாள்.

"முப்பத்துநாலு பிள்ளைங்களும் 'இயக்கம் என்பது காலப்போக்கில் ஒரு பொருளின் இடம் மாறுவது'ன்னு மூச்சு விடாம ஒப்பிக்குதுங்க. ஒண்ணாவது அசையணுமே! கையைக் கட்டிக்கிட்டு, பொம்மை மாதிரி உட்கார்ந்துக்கிட்டு இயக்கம் படிக்குதுங்க!"

"நீ சொன்னாத்தானே அசையும்?"

"வாயை மூடுங்க. ஒரு பொண்ணு எழுந்து கேட்டா, 'டீச்சர், தையல் மிஷின்ல சக்கரம் சுத்துது, ஊசி ஏன் சுத்தாம மேலயும் கீழயும் போகுது?'ன்னு. போர்டுல படம் போட்டுக் காட்டினேன். அவ என்னைப் பாவமாப் பார்த்தா."

அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டுவிட்டது. மறுநாள் கடையிலிருந்து நாலு காலிப் பெட்டி கொண்டுவந்தேன். செருப்புக்கடைக்காரன் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? ஒரு பெட்டியைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் இரண்டு துளை போட்டு, ஒரு மூங்கில் குச்சியைக் குறுக்கே செருகினோம். குச்சியின் ஒரு முனையை மடக்கினால் கைப்பிடி. பெட்டிக்குள் அந்தக் குச்சியில் முட்டை வடிவத்தில் வெட்டிய ஒரு அட்டை வட்டு. அதன் தலையில் இன்னொரு குச்சி செங்குத்தாக நிற்கும், கூரையில் ஒட்டிய உறிஞ்சுகுழாய் வழியாக வெளியே வரும். அதன் உச்சியில் பச்சை பூசிய தவளை. கைப்பிடியைச் சுற்றினால் முட்டையின் நீளமான பக்கம் குச்சியை மேலே தள்ளும், தவளை எழும். குட்டையான பக்கம் வந்ததும் பொத்தென்று உட்காரும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

சொல்ல அவ்வளவுதான். முதல் வட்டு வழுக்கியது. இரண்டாவது பசை காயுமுன் வளைந்தது. மூன்றாவதை இரண்டு அட்டை சேர்த்து ஒட்டி, நான் கனமான பூட்ஸ் ஜோடி ஒன்றை மேலே வைத்து இரண்டு மணி நேரம் அழுத்தினேன். அப்புறம் சுற்றினால் தவளை குதித்ததோடு நில்லாமல் அரைச் சுற்றுத் திரும்பி என் பக்கம் முதுகைக் காட்டியது. "உங்களை அதுக்கும் பிடிக்கல" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறி ஐம்பது தடவையாவது சுற்றியிருப்போம்.

வகுப்பில் அது என்ன செய்தது என்று அவள் சொல்லக் கேட்க வேண்டும். தையல் மிஷின் பெண் கைப்பிடியைச் சுற்றிவிட்டு "ஓ!" என்றாளாம். அந்த ஒரு ஓவுக்காக என் மனைவி அன்றைக்கு முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டு வேலை செய்தாள்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். தவளை குதித்தபோது அவரும் சிரித்தார் என்று என் மனைவி சத்தியம் செய்கிறாள். சிரித்து முடித்து, சிரிப்பை உள்ளே வைத்துவிட்டு, பேனாவை வெளியே எடுத்தார்.

"இதுக்குச் சான்று இருக்காம்மா?"

"சார், இது அட்டைப்பெட்டி."

"அதைத்தான் கேக்கறேன். வகுப்புக்குள்ள வர்ற எந்தச் சாதனத்துக்கும் வாரியத்தோட சான்று வேணும். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொண்டுவாங்க, இப்ப எழுதுறதை அடிச்சிடறேன். இல்லன்னா இந்தக் குறிப்போடதான் உங்க நீட்டிப்புக் கோப்பு மேல போகும். போனா திரும்பாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தனிப்பட்ட முறையில எனக்கு உங்க மேல கோபமே இல்லம்மா. தனிப்பட்ட முறையில எனக்கு எதுவுமே கிடையாது" என்றாராம்.

பன்னிரண்டு நாள் இருந்தது. அவளால் வகுப்பை விட முடியாது. கடை முதலாளியிடம் அரைநாள் அரைநாளாகக் கெஞ்சி, தவளையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

கல்விச் சாதனத் தரச்சான்று வாரியத்தின் வரலாற்றை வாசலிலேயே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் ஒரு பள்ளியைப் பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவர் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து, கையில் டீயோடு கீழே விழுந்திருக்கிறார். அடுத்த வாரமே வாரியம் பிறந்தது. இனி எந்தப் பெஞ்சும் அசையக் கூடாது என்பது அதன் லட்சியம். பெஞ்சுகள் தீர்ந்ததும் மேசை, கரும்பலகை என்று விரிந்தது. உலக உருண்டை வந்தபோது அது சுழல்வதைக் கண்டுபிடித்து, ஆணியடித்துச் சான்று கொடுத்தார்கள். அந்த உருண்டை இன்றும் வாசலில் இருக்கிறது. ஆணி பெருங்கடலில் இறங்கியிருப்பதால் யாருக்கும் சேதமில்லை.

தரைத்தளத்தில் விண்ணப்ப எழுத்தர். சாதனம் எதுவானாலும் ஒரே விண்ணப்பம், பெஞ்சுக்காக அச்சடித்தது. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது அவர் வேதம். அதனால் அவருக்கு நான் கட்டம் சார் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"ஏழாவது கட்டம். இதன் மீது எத்தனை மாணவர் அமரலாம்?"

"யாரும் உட்காரக் கூடாது சார். நசுங்கிடும்."

"அப்போ கட்டம் காலியா இருக்குமே."

"பூஜ்யம் போட்டுக்கட்டுமா?"

"பூஜ்யம் போட்டா யாருக்கும் பயன்படாத சாதனம்னு ஆயிடும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உண்மையிலேயே யாருமே உட்காரலியா?"

"ஒரு தவளை உட்கார்ந்திருக்கு."

"பாத்தீங்களா! வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?" என்று மகிழ்ந்து, 'ஒன்று' என்று எழுதினார். எழுதியவர் பேனாவைத் தூக்கவில்லை. "தவளைன்னா உயிரினம் ஆச்சே. கால்நடை மருத்துவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க."

போனேன். வேறென்ன செய்வது? மருத்துவர் ஒரு பசுவின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். கையை எடுத்துக் கழுவிவிட்டு, தவளையைச் சுண்டிப் பார்த்து, என்னையும் ஏற இறங்கப் பார்த்து, 'அட்டை. நோய் இல்லை. ஓய்வு அவசியம்' என்று எழுதினார்.

"ஓய்வா? தவளைக்கா டாக்டர்?"

"உங்களுக்கு" என்றார். அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு நல்லது நினைத்த ஒரே அரசாங்க ஊழியர் அவர்தான்.

முதல் மாடி அசையாமைப் பிரிவு. அங்கே ஒரு பரிசோதகர் இருந்தார். எட்டாம் நம்பர் கால், வீட்டில் போடும் ரப்பர் செருப்பு, தரையில் சத்தம் வராத நடை. அவருடைய கருவி ஒரு கண்ணாடி டம்ளர். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைச் சாதனத்தின் மேல் வைப்பார், மூன்று நிமிஷம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். தண்ணீர் நடுங்கினால் தோல்வி.

"இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். ஒரு சொட்டு சிந்தினதில்ல" என்றார். பிறகு கைப்பிடியைக் காட்டினார். "இது எதுக்கு?"

"சுத்தறதுக்கு சார்."

"எதுக்குச் சுத்தணும்?"

"சுத்தினா தவளை குதிக்கும்."

"எதுக்குக் குதிக்கணும்?"

"பிள்ளைங்களுக்கு இயக்கம் புரியும் சார்."

அவர் முகம் வாடிப்போய்விட்டது. கெட்டுப்போன பிள்ளையைப் பற்றி அப்பாவிடம் சொல்வதுபோல என் தோளில் கை வைத்தார். "தம்பி, இவ்வளவு சிரமப்பட்டுச் செஞ்சிருக்கீங்க. இந்த ஒரு குறையால தோத்துடக் கூடாது. நாங்க இருக்கறதே உதவி செய்யத்தான்." சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சணல் கயிற்றால் பெட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார், முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். டம்ளர் வைத்தார். மூன்று நிமிஷம் ஈ கூடப் பறக்கவில்லை. 'அசையாமை: மிகச் சிறப்பு' என்று சான்று கிடைத்தது. நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் மாடி பாடப் பொருத்தப் பிரிவு. சாதனம் பாடத்தைக் கற்பிக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அங்கே ஒரு நிபுணர் அம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பாடம்?"

"இயக்கம் மேடம்."

"இயக்கிக் காட்டுங்க."

"கட்டி அரக்கு வெச்சிருக்காங்க மேடம். பிரிக்கலாமா?"

"பிரிச்சா கீழ் மாடிச் சான்று செல்லாது."

"பிரிக்காம எப்படி மேடம் இயக்கறது?"

"அது விண்ணப்பதாரரோட பொறுப்பு. வேணும்னா வாயால விளக்குங்க, குறிச்சுக்கறேன்."

விளக்கினேன். வாய் போதவில்லை, கையையும் சேர்த்துக்கொண்டேன். கையும் போதவில்லை. கடைசியில் 'இப்படித்தான் மேடம்' என்று நானே உட்கார்ந்து, எழும்பி, அரைச் சுற்றுத் திரும்பி, பொத்தென்று இறங்கிக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: 'விண்ணப்பதாரர் குதித்தார். சாதனம் குதிக்கவில்லை. விண்ணப்பதாரருக்குச் சான்று வழங்க இப்பிரிவுக்கு அதிகாரம் இல்லை.'

அரக்கைப் பிரித்தால் முதல் மாடி விடாது. பிரிக்காவிட்டால் இரண்டாம் மாடி விடாது. பதினெட்டுப் படி ஏறுவேன், பதினெட்டுப் படி இறங்குவேன். டம்ளர் சார் ஒவ்வொரு தடவையும் முடிச்சை இன்னும் கொஞ்சம் பலமாகக் கட்டி அனுப்பினார். நாள் ஓடியது. முதலாளி, "உனக்குத் தவளை முக்கியமா, என் கடை முக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் பார்த்தால், வகுப்பு அலமாரியிலிருந்த அவளுடைய சாமான்களையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். "எப்படியும் எடுக்கணுமே, கடைசி நாள்ல பிள்ளைங்க முன்னாடி எடுத்தா அழுதுடுவேன்" என்றாள். அவள் என்னைத் திட்டாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை.

இரண்டு மாடிக்கும் கருத்து வேற்றுமை என்றால் தலைவர் விசாரிப்பார் என்று கட்டம் சார்தான் தகவல் சொன்னார், அதற்கென்று ஒரு கட்டம் இருப்பதால். விசாரணை நாள் இருபத்தெட்டு, மூன்று மணி. அன்றைக்கு அவளும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாடியில் நீள மேசை. தலைவர் நடுவில், பரிசோதகர் ஒரு பக்கம் டம்ளரோடு, நிபுணர் அம்மா மறுபக்கம் குறிப்பேட்டோடு. தலைவருக்கு ஏழாம் நம்பர் கால், பதவிக்காக ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

"இந்த நாற்காலியில பதினாறு வருஷமா உட்கார்ந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "நாங்க சான்று கொடுத்த ஒரு பெஞ்சு கூட இதுவரைக்கும் அசைஞ்சதா புகார் கிடையாது. எப்படி? சொல்றேன். சான்று கொடுத்த எந்தப் பெஞ்சையும் நாங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறதே இல்ல. அனுப்பினா பிள்ளைங்க உட்காரும். உட்கார்ந்தா அசையும். அதனால கிடங்குலேயே பத்திரமா வெச்சிருக்கோம். தரம்னா அதுதாம்மா. கல்வியோட முதல் எதிரியே பிள்ளைங்கதான். அதுங்க மட்டும் இல்லன்னா இந்தத் துறையை நான் எங்கேயோ கொண்டு போயிருப்பேன்."

பரிசோதகர் கைதட்டினார், தண்ணீர் நடுங்காதபடிக்கு மெதுவாக.

என் மனைவி எழுந்தாள். மூக்கு சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். அப்படிச் சிவந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவது வழக்கம், இங்கே போக வழியில்லை.

"ஐயா, எனக்குப் பேசத் தெரியாது. முப்பத்துநாலு பிள்ளைங்க வகுப்புல இருக்காங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள உங்க காகிதம் வரலைன்னா நாளைக்கு அவங்களுக்கு நான் டீச்சர் இல்ல. ஆறு வருஷமா இருக்கேன். எதை எதிர்த்தும் நான் பேச வரல. ஒரே ஒரு தடவை, நீங்க இதைச் சுத்திப் பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா போயிடறேன்."

தலைவர் யோசித்தார். தன்னுடைய விசேஷ அதிகாரத்தின் கீழ் அரக்கை உடைக்க உத்தரவிட்டார். பரிசோதகர் கண்ணை மூடிக்கொண்டு உடைத்தார்.

தலைவர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். தவளை எழும்பி, திரும்பி, பொத்தென்று உட்கார்ந்தது. அவர் இன்னொரு தடவை சுற்றினார். இன்னொரு தடவை. "அட!" என்றார். அப்புறம் நிபுணர் அம்மா, 'பதிவுக்காக' என்று சொல்லிக்கொண்டு வாங்கிச் சுற்றினார். "கொஞ்சம் வேகமாச் சுத்துங்க மேடம்" என்று பரிசோதகர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "என் முறை, என் முறை" என்று யார் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. கால் மணி நேரம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வாசல் பியூன் கதவைத் திறந்து பார்த்தான். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "அதனாலதான் யோசிக்க வேண்டியிருக்கு."

உடனே மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரிசோதகர் பெட்டியைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வியாதியைக் கண்டுபிடித்தவர் மாதிரித் தலையை உயர்த்தினார்.

"ஐயா, கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். உள்ள ஒரு வட்டு இருக்கு. அது முட்டை மாதிரி கோணலா இருக்கு. அதான் தவளையைத் தூக்கித் தூக்கிப் போடுது."

"கோணலா?" என்றார் நிபுணர் அம்மா. "பாடப்புத்தகத்துல சக்கரம்னா வட்டம்தான். கோணல் வட்டத்தைப் பிள்ளைங்ககிட்ட காட்டவே கூடாது."

"அப்போ திருத்திடலாம்" என்றார் தலைவர்.

திருத்தினார்கள். பழைய கோப்பு ஒன்றின் அட்டையைக் கிழித்து, அதன் மேல் டம்ளரைக் கவிழ்த்து அச்சு எடுத்து, அப்பழுக்கில்லாத ஒரு வட்டம் வெட்டினார் பரிசோதகர். தண்ணீரை முதலில் குடித்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். நிபுணர் அம்மா ஸ்கேல் வைத்து அளந்து துல்லியமான நடு மையத்தில் துளை போட்டார். எங்கள் முட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, புது வட்டத்தைக் குச்சியில் மாட்டினார்கள். தலைவர் கைப்பிடியைச் சுற்றினார்.

வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவ்வளவு அழகாக எங்கள் கைப்பிடி சுற்றியதே இல்லை. தவளை அப்படியே உட்கார்ந்திருந்தது. பரிசோதகர் டம்ளரில் மறுபடி தண்ணீர் பிடித்து வந்து பெட்டி மேல் வைத்தார். சுற்றினார்கள், சுற்றினார்கள், சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சொட்டு நடுங்கவில்லை.

"இயக்கம் இருக்கு" என்று நிபுணர் அம்மா கைப்பிடியைப் பார்த்துச் சொன்னார்.

"அசைவு இல்ல" என்று பரிசோதகர் தவளையைப் பார்த்துச் சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது.

"பதினாறு வருஷத்துல ரெண்டு மாடியும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை" என்று தலைவர் எழுந்து நின்று என் மனைவிக்குக் கைகொடுத்தார். "இப்படித்தாம்மா இருக்கணும் ஒரு சாதனம். எல்லாம் சுத்தணும், எதுவும் நடக்கக் கூடாது."

நான் என் மனைவியைப் பார்த்தேன். டம்ளரை எடுத்து வீசப் போகிறாள் என்று பயந்து, அதை நைசாக நகர்த்தி வைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். சுவர்க் கடிகாரம் நாலேகாலைக் காட்டியது. வாயை மூடிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். சான்றை வாங்கிக்கொண்டு, ஐம்பத்தாறு படியும் ஓட்டமாக இறங்கி, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேற்பார்வையாளர் மேசையில் வைத்தோம். அவர் தன் குறிப்பை ஸ்கேல் வைத்து அடித்தார். நீட்டிப்பு உத்தரவு மறுநாளே வந்தது. ஒரு வருஷத்துக்கு.

அன்று சாயங்காலமே நான் புது முட்டை ஒன்றை வெட்டிவிட்டேன். "காலையில மாத்திடறேன், எவன் உள்ள எட்டிப் பார்க்கப் போறான்?"

"வேண்டாம்" என்றாள். "சான்று வாங்கினது வாங்கின மாதிரியே போகட்டும்."

எனக்கு மனசே கேட்கவில்லை. இவளும் அந்த மூன்று மாடிக்காரியாகிவிட்டாளோ என்றுகூட நினைத்துவிட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததே சிரித்துக்கொண்டுதான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேசை மேல வெச்சேங்க. பிள்ளைங்க ஓடி வந்து சுத்திப் பார்த்தாங்க. 'டீச்சர், செத்துப்போச்சு'ன்னு ஒருத்தன் சொன்னான். 'இல்லடா, கோவிச்சுக்கிச்சு'ன்னான் இன்னொருத்தன். 'கைப்பிடி நல்லாத்தானே சுத்துது, அப்புறம் ஏன் குதிக்கல?'ன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

"பொய் சொன்னியா?"

"நல்லா சொன்னேன். உடனே பெட்டியைத் திறந்துட்டாங்க. நாள் பூரா வேற பாடம் நடக்கல. தையல் மிஷின் பொண்ணு இருக்காளே, ஓட்டையை நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளிப் போட்டா. வட்டம் வட்டமாவே இருக்கு, தவளை குதிக்குது! எனக்கே அது தோணலைங்க. நாம முட்டை வெட்டி உயிரை விட்டோம். இன்னொருத்தன் ரெண்டு பக்கம் மேடு வெச்சு வெட்டினான், ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை குதிக்குது. முன்னாடி நான் காட்டினப்ப எல்லாரும் பாத்தாங்க. இப்ப அவங்களே கண்டுபிடிச்சாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "என் சர்வீஸ்லேயே நான் எடுத்த நல்ல பாடம் இதுதான். நான் எடுக்கவே இல்ல."

அதோடு விட்டிருந்தால் நிம்மதி. வாரியம் விடவில்லை. தன்னுடைய கண்டுபிடிப்பில் அதற்கு அவ்வளவு பெருமை. சுற்றியும் அசையாத தவளையை ஐயாயிரம் செய்து, கிடங்கைத் திறந்து, வரலாற்றிலேயே முதன்முறையாகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'இத்தவளை அசையாது எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று அச்சடித்திருந்தது. தலைவர் மேடையேறிப் பேசினார், மாலை போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து என் மனைவி பெயருக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. அனுப்பிய ஐயாயிரம் தவளைகளில் நாலாயிரத்துச் சொச்சம் குதிப்பதாகப் பள்ளிகளிலிருந்து தொடர்ந்து புகார்கள் வருவதாகவும், ஓரிரு இடங்களில் தவளைக்குப் பதில் மீன், விமானம், தலைமையாசிரியர் ஆகியவை குதிப்பதாகவும், மூலச் சாதனத்தைச் செய்த ஆசிரியை என்ற முறையில் இதற்கான காரணத்தை ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டும் என்றும், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அவருடைய பணி நீட்டிப்பு மறுபரிசீலனை செய்யப்படும் என்றும் எழுதியிருந்தது.

"மன்னிப்புக் கேட்டு எழுதிடும்மா" என்றேன். "வேலை போயிடும். நமக்கு எதுக்கு வம்பு? பசை சரியில்ல, அட்டை சரியில்ல, எதையாவது சொல்லு."

"பேனா எங்க வெச்சீங்க?" என்றாள்.

கொடுத்தேன். ஒரு முழுத் தாளை எடுத்து, பெயர், பதவி, பொருள் எல்லாம் முறைப்படி எழுதி, நடுவில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்னிடம் நீட்டி, எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்றாள். படித்தேன். பிழை இல்லை.

'ஐயா, பிள்ளைகள் திறந்து பார்த்துவிட்டார்கள்.'